42,000 ரூபாய் மைக் எனக்குத் தேவையா?

கேள்வி: திருவட்டாறு பக்கம் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். யூடியூபுக்காகக் கதை வாசித்துப் பதிவு செய்கிறேன். அப்பா வில்லுப்பாட்டுப் புலவர்; அவர் பாடுவதையும் பதிந்து வைக்க ஆசை. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கார்லெட் சோலோ மூன்றாம் தலைமுறை இன்டர்ஃபேஸும் ஒரு கண்டென்சர் மைக்கும் இருக்கின்றன. ஃபேன், சில்வண்டு, பக்கத்து வீட்டு மிக்ஸி என்று எல்லாம் பதிவில் விழுவதால் டைனமிக் மைக் வாங்கச் சொல்கிறார்கள். நாகர்கோவிலில் ஒரு கடையில் ஷூர் எஸ்எம்7பி 42,000 ரூபாய், எஸ்எம்58 10,500 ரூபாய் என்றார்கள். அதே எஸ்எம்58 ஆன்லைனில் 3,200 ரூபாய்க்குக் கிடக்கிறது. மைக் செட் வைத்திருக்கும் மாமா, 2,000 ரூபாய் அகுஜா மைக்கே போதும் என்கிறார். சீட்டுப் பணம் 45,000 ரூபாய் கையில் இருக்கிறது. விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? எதை வாங்கட்டும்?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

எஸ்எம்7பி இப்போது வேண்டாம். 10,000 ரூபாயை ஒட்டிய வகையில் ஒன்றை வாங்குங்கள். அந்த வகையிலேயே உங்கள் குரலுக்கு எஸ்எம்58-ஐ விடப் பொருத்தமான ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன். 3,200 ரூபாய் சரக்கைத் தொடவே வேண்டாம். மாமா சொல்வதில் பாதி நியாயம் உண்டு. மிச்சப் பணத்துக்கு உங்கள் அறையில் வேறு வேலை இருக்கிறது.

டைனமிக் மைக்குக்குள் இருப்பது கொஞ்சம்தான். மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதன் முதுகில் ஒட்டிய நுண்கம்பிச் சுருள், சுருளைச் சூழ்ந்து ஒரு காந்தம். குரல் பட்டுப் படலம் அசையும்போது சுருளும் காந்தப்புலத்துக்குள் ஆடும். அந்த ஆட்டத்தில் பிறக்கும் மின்சாரம்தான் ஒயரில் வருகிறது. மூலப்பொருளில் மட்டும் இருபது மடங்கு விலை வித்தியாசம் வர வழியில்லை. படலத்துக்குப் பின்னால் காற்று புகும் துளைகளையும் அறைகளையும் துல்லியமாக அமைப்பதற்குத்தான் காசு. பக்கவாட்டுச் சத்தத்தை எவ்வளவு ஒதுக்குவது என்பதை முடிவு செய்பவை அந்தத் துளைகள். கைபட்ட அதிர்வும் ஸ்டாண்டின் அதிர்வும் காப்ஸ்யூலுக்கு (படலமும் சுருளும் காந்தமும் அடங்கிய பகுதி) ஏறாமல் தடுப்பதற்கும், செய்கிற ஒவ்வொரு மைக்கும் ஒரே மாதிரி ஒலிக்க வைப்பதற்கும் செலவு ஆகிறது. 2,000 ரூபாய் மைக்கிலிருந்து 10,000 ரூபாய் மைக்குக்கு மாறினால் இவை எல்லாம் காதிலேயே தெரியும்.

10,000-லிருந்து 42,000-க்கு ஏறும்போது நிலைமை வேறு. ஷூர் நிறுவனத்தில் எர்னி சீலர் 1959-ல் வடிவமைத்த யுனிடைன் III காப்ஸ்யூலின் வழியில் வந்தவைதான் 1965-ன் எஸ்எம்57, 1966-ன் எஸ்எம்58, 1973-ன் எஸ்எம்7 எல்லாமே. இன்றைய எஸ்எம்7பி 2001-ல் வந்தது. காப்ஸ்யூலுக்குப் பின்னால் காற்றுக்குப் பெரிய இடம் விட்டதால் அடிக்குரல் இன்னும் கீழே வரை நிறைவாக வரும். மானிட்டர், கம்ப்யூட்டர் போன்றவற்றின் ஹம் (மின்சார ரீங்காரம்) ஏறாமலிருக்க உள்ளே எதிர்ச்சுருள் இருக்கிறது. கனமான ஃபோம் உறையும், அடிக்குரலைக் குறைக்கவும் நடுக்குரலைத் தூக்கவும் இரண்டு சுவிட்சும் உண்டு. நாள் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் வாயை ஒட்டிப் பேசும் வானொலி அறைக்கு இவை ஒவ்வொன்றும் பிரயோஜனம். நல்ல மைக் அது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் 31,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து நீங்கள் வாங்கும் வசதிகள் உங்கள் அறையின் பிரச்சினையைத் தீர்ப்பவை அல்ல. மைக்கேல் ஜாக்சன் பாடிய மைக் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். ஒலிப்பதிவாளர் ப்ரூஸ் ஸ்வீடியன் அவர் குரலை எஸ்எம்7-ல் பதிந்தது உண்மை. அந்த மைக்குக்குப் பின்னால் முதல்தர ஸ்டுடியோ ப்ரீஆம்பும் (மைக்கின் சன்னச் சிக்னலைப் பெருக்கும் கருவி), சத்தம் புகாத அறையும் இருந்தன என்பதும் உண்மை.

இனி கணக்குக்கு வருவோம். இதைப் பார்த்துவிட்டால் எந்தக் கடையிலும் யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

ஒரே சத்தத்துக்கு எஸ்எம்58 1.85 மில்லிவோல்ட் தருகிறது என்றால், எஸ்எம்7பி 1.12 மில்லிவோல்ட்தான் தரும். வித்தியாசம் சுமார் 4.5 டெசிபல், விலை கூடிய மைக்தான் சன்னமாகப் பேசுகிறது. கதை வாசிக்கும் குரல் பத்து சென்டிமீட்டரில் 84 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவின் சராசரி மட்டம் -20 டெசிபலில் நிற்க (0 என்பது பதிவின் உச்ச எல்லை), உங்கள் சோலோவில் எஸ்எம்58-க்கு 51 டெசிபல் கெய்ன், அதாவது பெருக்கம், வேண்டும். எஸ்எம்7பிக்கு 56 வேண்டும். சோலோவால் தர முடிந்ததே 56-தான். குமிழை முழுக்கத் திருகியும், குரல் தணியும் இடத்தில் பற்றாது. எஸ்எம்7பிக்குக் குறைந்தது 60 டெசிபல் கெய்ன் வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. அப்புறம் மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே செருகிக் கெய்னைக் கூட்டும் கிளவுட்லிஃப்டர் மாதிரி ஒரு பூஸ்டர் வாங்கச் சொல்வார்கள். 42,000 ரூபாய் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். 2023-ல் பூஸ்டரை உள்ளேயே வைத்து எஸ்எம்7டிபி என்று ஷூர் ஒரு மைக்கை இறக்கியதற்குக் காரணமே இந்தக் குறைதான்.

அப்பாவுக்கு இந்தத் தொல்லையே இல்லை. வில்லுக்கு மேலே தொண்டை திறந்து பாடும் புலவரின் குரல் அதே தூரத்தில் 100 டெசிபலைத் தாண்டும். எஸ்எம்58-க்கு 35-க்கும் குறைவான கெய்ன் போதும், எந்த மலிவு இன்டர்ஃபேஸும் கொடுத்துவிடும். ஒரே வீட்டில் இரண்டு குரலுக்கு இரண்டு கணக்கு.

கெய்னை ஏற்றினால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வருமே என்று நினைப்பீர்கள். சோலோவின் ப்ரீஆம்ப் இரைச்சலை எஸ்எம்58 வழியாகக் கணக்கிட்டால் 18 டெசிபல் சத்தத்துக்குச் சமம்; எஸ்எம்7பி வழியாக 23. சீலிங் ஃபேன் ஓடும் அறையில் காற்றுச் சத்தம் மட்டும் 45 டெசிபலை ஒட்டி இருக்கும். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது பூஸ்டருக்குக் கொடுக்கும் பணம் காதில் கேட்கவே கேட்காது. ஃபேனை நிறுத்துவதற்குக் காசு கிடையாது.

தூரமும் காசில்லாத விஷயம்தான். முப்பது சென்டிமீட்டரில் வாசித்தவர் பத்து சென்டிமீட்டருக்கு வந்தால் குரல் 9.5 டெசிபல் ஏறும். மிக்ஸியும் சில்வண்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். எந்த விலை மைக்காலும் இவ்வளவு வித்தியாசத்தைக் கொண்டுவர முடியாது. டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை இழுக்காது என்று பொதுவாகச் சொல்வதும் முழு உண்மை இல்லை. கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தை அதிகமாகவும் பின்பக்கத்தை மிகக் குறைவாகவும் எடுக்கும் வகை) கண்டென்சரையும் கார்டியாய்டு டைனமிக்கையும் ஒரே தூரத்தில் வைத்தால், குரலுக்கும் அறைச் சத்தத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கண்டென்சரைத் தூரத்தில் வைத்துப் பேசுகிறோம், டைனமிக்கை வாயருகே பிடிக்கிறோம். பெருமளவு வித்தியாசம் அங்கேதான். எனவே பணம் கொடுக்கும் முன் இன்று ராத்திரியே ஒரு சோதனை செய்யுங்கள். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கண்டென்சருக்கு முன்னால் பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் வலை) வைத்து, பத்து சென்டிமீட்டரில் கெய்னைக் குறைத்து ஒரு பக்கம் வாசியுங்கள். இப்போதைய பதிவோடு ஒப்பிட்டால் பிரச்சினையில் பாதிக்கு மேல் அதிலேயே தீர்ந்திருக்கும்.

பிறகு டைனமிக் எதற்கு? உங்கள் ஊருக்கு அது நல்ல தேர்வு என்பதற்குக் காரணங்கள் உண்டு. ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம். ஈரக்காற்றில் கண்டென்சர் காப்ஸ்யூல் பொரிபொரியென்று சத்தம் போடும், டைனமிக் அசராது. வாயை ஒட்டிப் பேசும்போது 'ப' வருமிடங்களில் வெடிக்கும் காற்றையும் அது நன்றாகத் தாங்கும். மேல் ஸ்தாயியில் அதன் கூர்மை குறைவு என்பதால் ஓட்டுக்கூரை இடுக்கு வழியாக வரும் சன்னச் சத்தங்கள் மங்கும். சில்வண்டு மட்டும் விதிவிலக்கு. அதன் சத்தம் பெரும்பாலும் 4,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை. எஸ்எம்58 குரல் தெளிவுக்காகத் தூக்கிக் கொடுப்பதும் கிட்டத்தட்ட அதே இடத்தைத்தான். ரப்பர் தோட்டத்துப் பக்கம் திறக்கும் ஜன்னலுக்கு மைக்கின் வால் திரும்பியிருக்கட்டும், நீங்கள் அந்த ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். சிலர் நேர்மாறாக, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவார்கள். அப்போது மைக்கின் முகம் ஜன்னலைப் பார்க்கும்.

இப்போது அந்த 3,200 ரூபாய் எஸ்எம்58. அமெரிக்காவிலேயே அதன் விலை நெடுங்காலம் 99 டாலர். டாலருக்கு 85 ரூபாய் வைத்தாலும் 8,415 ரூபாய். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 9,930. சுங்கவரியும் கடைக்காரர் லாபமும் இன்னும் சேரவில்லை. நாகர்கோவில் கடைக்காரர் சொன்ன 10,500 நியாயமான விலை. 3,200-க்கு அசல் வரவே வராது. உலகத்தில் அதிகமாகப் போலி செய்யப்படும் மைக்குகளில் இது ஒன்று. பெட்டியைத் திறந்ததும் பார்க்க வேண்டியது எடை. அசல் 298 கிராம். சமையலறைத் தராசு போதும். இங்கே பரவலாக விற்பது எஸ்எம்58-எல்சி. அந்த அசல் பெட்டியில் ஒயர் வராது. கூடவே ஒயர், அதுவும் ஒரு முனையில் பி-38 ஜாக்கோடு (கிட்டார் ஒயரில் இருக்கும் குச்சி முனை) இருந்தால் சந்தேகப்படுங்கள். சுவிட்ச் இருப்பதை வைத்து மட்டும் போலி என்று முடிவு கட்டாதீர்கள், சுவிட்ச் வைத்த அசலும் உண்டு. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள், நாகர்கோவிலோ திருவனந்தபுரமோ எதுவானாலும். போலியின் காப்ஸ்யூல் எப்படி ஒலிக்கும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கெட்டுப்போனால் திருப்பிக் கொடுக்க ஆளிருக்காது. அசலுக்கு ஆர்59 என்ற மாற்றுக் காப்ஸ்யூலைத் தனியாக வாங்கலாம், நசுங்கிய கிரில்லையும் (தலையின் கம்பி வலை) மாற்றலாம். அதனால்தான் பழைய எஸ்எம்58-க்கும் சந்தையில் மதிப்பு அதிகம் இறங்குவதில்லை.

உங்கள் குரலுக்கு என் தேர்வு சென்ஹைசர் ஈ835. வகுப்பறைக் குரல் கணீரென்று இருக்கலாம். கதை சொல்லும்போது தணிந்துதான் வரும். ஈ835 2.7 மில்லிவோல்ட் தருகிறது, எஸ்எம்58-ஐ விட 3.3 டெசிபல் கூடுதல். அதே 84 டெசிபல் குரலுக்குச் சோலோவில் 48 போதும், குமிழ் நிம்மதியாக நிற்கும். விலையும் பெரும்பாலும் எஸ்எம்58-க்குக் கீழேதான். அப்பாவுக்கு மட்டும் என்றால் எஸ்எம்58-ஐயே சொல்லியிருப்பேன். கீழே விழுந்தாலும் தாங்கும், மைக் செட்காரர் யாருக்கும் பழக்கமான ஒலி. ரோட் பாட்மைக்கை யாராவது சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள்: எடை 937 கிராம். மலிவான பூம் ஸ்டாண்டில் மாட்டினால் பதிவின் நடுவே மெல்லக் குனிந்துவிடும். தலையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவர்களுக்கு எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்ஈ20 அருமையானது. கிட்டே போனாலும் விலகினாலும் அடிக்குரல் அதிகம் மாறாது. ஆனால் அது எஸ்எம்7பியோடு ஒரே விலைத்தட்டில் நிற்பது.

மாமாவின் யோசனைக்கு வருகிறேன். கூட்டத்துக்கும் கோயில் கொடைக்கும் செய்த மைக்கில் குரல் தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்பதே குறி. பதிவில் ஹெட்ஃபோன் வைத்துக் கேட்டால் நடுக்குரல் மட்டும் முன்னால் நின்று, கீழும் மேலும் ஒல்லியாகத் தெரியும். கதை வாசிப்புக்கு அது வேண்டாம். ஆனால் முழு வில்லுப்பாட்டுக் குழுவையும் பதியும் நாளில் மாமாவிடம் அந்த மைக்கைக் கேட்டு வாங்குங்கள். குடத்தின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுச் சாய்த்து வையுங்கள். குடத்தின் அடி கனமாக, கச்சிதமாக வந்து விழும். உங்களிடம் உள்ள கண்டென்சரையும் விற்க வேண்டாம். வில்லின் மணியோசைக்கும் ஜால்ராவுக்கும் டைனமிக்கை விட அதுதான் பொருத்தம். ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் குழு முழுவதும் அதில் வரும்.

புலவருக்கு மைக் வைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. வீசுகோல் வில்லில் விழும் ஒவ்வொரு அடிக்கும் மணிகள் குலுங்கும். அது குரல் மைக்கில் ஓங்கி விழுந்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது. பாடுகிறவருக்கு எதிரே, முகத்துக்கு நேராக மைக்கை நீட்டுவதுதான் வழக்கம். அப்படி வைத்தால் வில் மைக்கின் பக்கவாட்டில் அமையும். கார்டியாய்டு பக்கவாட்டுச் சத்தத்தைச் சுமார் 6 டெசிபல்தான் குறைக்கும். அதற்குப் பதிலாக மைக்கை மோவாய்க்குக் கீழே கொண்டுவந்து, தலை வாயைப் பார்த்து மேலே நிமிர்ந்தும், வால் கீழே வில்லைப் பார்த்தும் இருக்கும்படி வையுங்கள். ஈ835, எஸ்எம்58 இரண்டும் கார்டியாய்டு என்பதால் அவற்றின் செவிட்டுப் பக்கம் வால்தான். சூப்பர்கார்டியாய்டு மைக்குகளுக்கு இது பொருந்தாது. அவற்றின் செவிட்டுப் பக்கம் முன்பக்கத்திலிருந்து 126 டிகிரியில் இருபுறமும் இருக்கிறது, வாலில் கொஞ்சம் கேட்கும். ஸ்டாண்டை வில் இருக்கும் பாயில் நிறுத்தாதீர்கள். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த மிதியடியை மடித்துப் போடுங்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? மைக்குக்குப் பத்தாயிரத்துக்குள். உறுதியான பூம் ஸ்டாண்டுக்கு 2,000. நல்ல ஒயருக்கு 1,000. இரண்டு முனையும் மூன்று பின் எக்ஸ்எல்ஆராக இருக்க வேண்டும். பி-38 ஜாக் ஒயரைச் சோலோவின் கிட்டார் துளையில் செருகி, மைக்கில் சத்தமே இல்லை, ஹம் அடிக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது அடிக்கடி நடக்கும் தவறு. லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் ஹம் நின்றால் குற்றம் மைக்கில் இல்லை, வீட்டு எர்த்தில் இருக்கிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கதவிடுக்கு ரப்பர், கனத்த திரைச்சீலை, பின்சுவரில் தொங்கவிட இரண்டு பழைய மெத்தை அல்லது ரஜாய், இவற்றுக்கு ஐயாயிரம் ஒதுக்குங்கள். மிச்சம் 27,000 கையில் நிற்கும். அதை நான்கு மைக் உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸுக்கு வையுங்கள். சோலோவில் ஒரே ஒரு மைக்கைத்தான் செருக முடியும். புலவர், பின்பாட்டு, குடம், வில் என்று தனித்தனியாகப் பதிய அது பற்றாது. இந்தச் செலவின் பலனை யாரும் காதால் கேட்டுச் சொல்லிவிடுவார்கள்.

கடைக்குப் போகும்போது லேப்டாப், சோலோ, ஹெட்ஃபோன் மூன்றையும் கொண்டுபோங்கள். ஈ835-லும் எஸ்எம்58-லும் ஒரே பத்தியை ஒரே தூரத்தில் வாசித்துப் பதியுங்கள். கேட்கும் முன் இரண்டின் மட்டத்தையும் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதுகூட 'நல்ல மைக்' என்று காதை ஏமாற்றும். வாங்கும் பீஸைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே எதுவும் கடகடக்கக் கூடாது.

பதியும்போது மைக் வாய்க்கு நேரே வேண்டாம். வாயோரத்துக்கு முப்பது டிகிரி சாய்த்து, பத்து சென்டிமீட்டரில் வையுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் -12-க்கும் -6-க்கும் நடுவே இருக்கட்டும். எடிட்டிங்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். கிட்டே பேசியதால் குரல் கொழகொழவென்றிருந்தால் 200 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள். 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இரண்டு டெசிபல் தூக்கினால் டைனமிக்கின் மந்தம் போகும். சில்வண்டு கேட்கும் ராத்திரிப் பதிவில் மட்டும் அதைத் தூக்க வேண்டாம். கூரையில் மழை அறையும் நேரத்தில் பதிவை நிறுத்திவிடுங்கள், எந்த மைக்கும் காப்பாற்றாது.

குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று கிரில்லையும் எக்ஸ்எல்ஆர் முனையையும் அரிக்கும். உங்களுக்கு எச்சில் ஈரமும் மழைக்கால ஈரமும்தான் கவலை. மாதம் ஒருமுறை கிரில்லைத் திருகிக் கழற்றி, மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, கிரில்லை மட்டும் மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். உள் ஃபோம் முழுசாகக் காய ஒரு நாள் விடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் படலத்தின் மேல் நேராக நீர் படியும். மைக்கை இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம். நீல மணிகள் ரோஸ் நிறமானதும் மாற்றிவிடுங்கள்.